அட்டை ஓவியர் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராவியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். மெல்பர்னிலிருந்து மருமகன் கொண்டுவந்த வேதாளர் (அமெரிக்க முகமூடி நாயகன் ‘ஃபேண்டம்’) காமிக்ஸின் அட்டைதான் இதை எழுத வைத்தது.

1940இல் டாலரை மிச்சப்படுத்த அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதியை ஆஸ்திரேலியா நிறுத்தியது. அப்புறம் அங்குள்ள பதிப்பகங்களே உரிமை வாங்கி மறுபதிப்பு செய்தன. சிட்னியின் ஃப்ரூ நிறுவனம் 1948 முதல் வேதாளரை வெளியிடுகிறது. அவை நாளிதழில் துண்டு துண்டாக வந்த படக்கதைகள். அவற்றுக்கு அட்டை ஏது? உள்ளூர் ஓவியர்கள்தான் வரைந்தார்கள். முழுக்கதையிலிருந்து ஒரே ஒரு நொடியைப் பிடித்து, தலைப்புக்கு இடம் விட்டு, தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும்படி வரைய வேண்டும். அதை நகல் வேலை என்று யாரும் சொல்லக் கூடாது.

நம் மும்பையிலும் இது நடந்தது. 1964இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸுக்கு பி. கோவிந்த் தீட்டிய அட்டைகள் எத்தனை அழகு! ஃப்ளோரா ஃபவுண்டன் பகுதியின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் பழைய இதழ் கண்ணில் பட்டால் என்னால் நகர முடியாது.

தமிழில் காமிக்ஸ் மறுபதிப்பு செய்கிறவர்கள் அட்டை ஓவியரின் பெயரை உள்பக்கத்தில் கட்டாயம் போட வேண்டும். எஞ்சியுள்ள அசல் ஓவியங்களை ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் ஒரு வாரமாவது காட்சிக்கு வைக்க யாராவது முன்வர வேண்டும்.

ஒரு வாசகர்,
தாராவி, மும்பை