கற்றதை வீட்டுக்குக் கொண்டுவருதல்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு,

எமது விசேட கல்வி அலகில் பயிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வைத்தியசாலையில் வழங்கப்படும் தொழில்வழிச் சிகிச்சை பற்றி உங்களிற் சிலர் கேட்டிருந்தீர்கள். பெயரைப் பார்த்து, தையலோ தச்சு வேலையோ பழக்குவார்கள் என எண்ண வேண்டாம். பல் துலக்குவது, பொத்தான் பூட்டுவது, ரொட்டியைப் பிய்த்து உண்பது, கழிப்பறைக்குப் போய்வருவது முதலிய அன்றாடக் காரியங்களையே அங்கு தொழில் என்கிறார்கள்.

தாயாரின் சம்மதத்துடன் ஒன்றை எழுதுகிறேன். எமது மாணவன் ஒருவன் பாடசாலைக் குழாயில் தானாகவே கை கழுவப் பழகிவிட்டான். வீட்டிலோ, லயத்துக்குக் கீழே ஓயாமல் நீர் கொட்டும் பீலியில் கைகளை நீட்டியபடி நெடுநேரம் நின்றுகொண்டிருப்பானாம். பிடிவாதம் என்றே நானும் நினைத்தேன். சிகிச்சையாளரிடம் கேட்டபோதுதான் விளங்கியது: குழாயைத் திருகி மூடுவதுதான் வேலை முடிந்ததற்கு அவன் வைத்திருந்த அடையாளம், பீலியில் மூடுவதற்கு ஒன்றுமில்லை. பீலியருகே துவாய் ஒன்றைக் கொளுவி வைத்து, கை துடைப்பதைக் கடைசிப் படியாக்கினோம். சில வாரங்களில் அங்கும் பழகிக்கொண்டான்.

ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்வது இப்பிள்ளைகளில் பலருக்குத் தானாக வருவதில்லை. ஆகவே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதுடன் நில்லாமல், அங்கு பழக்கிய காரியத்தை உங்கள் வீட்டில், உங்கள் வீட்டுப் பொருட்களைக் கொண்டே, நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்விக்க வேண்டும். காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் இது நடவாது என்பதை நான் அறிவேன். மாலையில் செய்தாற் போதும்.

சுவெட்டரை எடுத்துக்கொண்டால், தலையிலும் கைகளிலும் நீங்களே மாட்டி, கடைசியாகக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது நன்கு பழகிய பின் ஒரு கையை மாட்டுவதையும் விட்டுப்பாருங்கள். கம்பளி உடலிற் பட்டதும் கதறினால் அடம் என்று அதட்டாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அந்த உறுத்தல் தாங்க முடியாதது. உள்ளே பருத்தி பெனியன் போட்டுப் பாருங்கள். பகலில் பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகளில், அவரும் அதே வார்த்தைகளைச் சொல்லி அதே ஒழுங்கில் செய்விப்பது அவசியம்.

நீங்கள் தெரிவுசெய்த ஒரேயொரு காரியத்தைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி, கிளினிக் கொப்பியுடன் வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியையிடம் கொடுக்கவும். பாடசாலையிலும் அதே முறையில் பழக்குவோம்.

இப்படிக்கு,
அதிபர்