உறவுக்காரர் வீட்டில் தங்கினாலும் பதிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக் கடைசியில் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி வரும் பெரியவர்கள் ஏராளம். டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்களோ, "ஒரு வருட விசா கிடைத்துவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒரு வருடம் விசா செல்லுபடியாகும் காலம்தான். மலேசியக் கடப்பிதழில் போகிறவர் ஒரு வருட, ஐந்து வருட இ-சுற்றுலா விசாவில் ஒரு பயணத்துக்குத் தொடர்ந்து 90 நாள் வரைதான் தங்கலாம். அதை மூன்று மாதம் என்று கணக்குப் போட்டால் வம்பு. போய் இறங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு. டிசம்பர் 1 இறங்கினால் பிப்ரவரி 28-ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. மார்ச் 1-க்கு டிக்கெட் எடுத்திருந்தால் ஒரு நாள் கூடிவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, 'சி' பாரம் என்று பழக்கத்தில் சொல்லப்படும் தங்குமிடப் பதிவு. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இந்தியக் குடிநுழைவுத் துறைக்கு இணையம் வழி தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள். பிரச்சினை சித்தப்பா வீட்டில் தங்கும்போதுதான். "சொந்தக்காரர்தானே, எதற்குப் பாரம்?" என்று ஊரில் கேட்பார்கள். சட்டத்துக்கு அந்த உறவு தெரியாது. பொறுப்பு வீட்டுக்காரருடையது, பாரம் இல்லாததன் சிரமம் விருந்தாளிக்கு. பிறகு ஏதாவது விண்ணப்பிக்க நேர்ந்தால் தங்குமிடச் சான்றாக முதலில் கேட்பது இதைத்தான்.

இந்தப் பாரத்தை இணையத்தில் அனுப்ப, வீட்டுக்காரர் முதலில் அங்கே தன் பெயரிலும் முகவரியிலும் கணக்குத் திறக்க வேண்டும். அதற்கு ஒப்புதல் வர நாளாகலாம் என்பதால் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கச் சொல்லுங்கள். கடப்பிதழின் படப் பக்கம், விசா, ஒரு புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். வந்து இறங்கிய தேதியை மட்டும் முத்திரையைப் பார்த்துப் போட வேண்டும்.

பெயரில்தான் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) நிற்கிறது. இந்தியப் பாரங்கள் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கின்றன. அங்கே அப்பா பெயரைப் பிரித்துப் போட்டுவிட்டு, டிக்கெட்டில் வேறு மாதிரி இருந்தால் ஆள் இரண்டாகிவிடுவார். சாய்கோட்டைப் பாரம் ஏற்காவிட்டால் அதை நீக்கிய ஒரே வடிவத்தையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

படிக்கவோ வேலைக்கோ 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் போகிறவர்களுக்கு விதி வேறு. போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டாம். கல்லூரி தன் பங்குக்குத் தகவல் கொடுத்தாலும் மாணவரின் பதிவு தனி. சென்னை அலுவலகம் ஹாடோஸ் சாலையில் இருக்கிறது. ஆனால் அந்த அலுவலகத்தின் 'இ-எஃப்ஆர்ஆர்ஓ' (e-FRRO) அகப்பக்கத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடப்பிதழ், முத்திரை விழுந்த பக்கம், கல்லூரிக் கடிதம், தங்குமிடச் சான்று ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மங்கலான கைப்பேசிப் படம் திரும்பி வந்தால் 14 நாளில் பாதி அதிலேயே போய்விடும். வீடு மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும்) அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

பழைய 1939, 1946 சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே புதிய குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் உள்ளது. விசா காலத்தைத் தாண்டித் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அது. இ-சுற்றுலா விசாவைச் சாதாரணமாக நீட்டிக்க மாட்டார்கள். உடம்புக்கு முடியாமல் மருத்துவமனையில் படுத்துவிட்டால், நாள் முடிவதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தோடு அதே அகப்பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாள் தாண்டிவிட்டவர்கள் நேரே திருச்சி விமான நிலையத்துக்குப் போய்க் கெஞ்சிப் பயனில்லை. நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பித்து, அது கையில் வந்த பிறகே டிக்கெட் தேதியை உறுதி செய்யுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்