சம்ப்பில் ஆளை இறக்கும் முன் அந்தப் பைப்பை அடைத்துவிடுங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும், இரண்டு பிளாக்கிலும் உள்ள 18 வீட்டாருக்கும் வணக்கம்.

நம் குழாய்த் தண்ணீர் நாறுவதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு கட்டைவிரல்கள் உயரும், யாராவது பிறந்தநாள் கேக் படம் போடுவார்கள், பேச்சு அதோடு போய்விடும். அதனால்தான் திறந்த மடல். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் நம்மைப் போலவே ரோட்டைவிடத் தாழ்ந்துபோன கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களில் யாருக்காவது பயன்பட்டாலும் நல்லதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்ப்பை, அதாவது நம் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, கழுவ ஆள் வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. தயவுசெய்து தள்ளிவையுங்கள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது. சம்ப்பைத் தேய்த்துக் கழுவுவதால் அது நிற்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மே மாதம் தென்காசியிலிருந்து அத்தை வந்திருந்தார். முதல் நாள் காலைக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடி, தண்ணி கூமுட்டை வாடை அடிக்கு?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியவில்லை. தினமும் முகர்கிற வாடையை மூக்கு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

முதல் சந்தேகம் சிங்க்கின் மேல். குழாயைத் திறந்ததும் நாற்றம் வந்தால் அது தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. தண்ணீர் விழும் வேகத்தில் சிங்க்கின் கழிவுக் குழாயிலுள்ள காற்று மேலே கிளம்பிவிடும். எவர்சில்வர் தம்ளரில் முக்கால் அளவு பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய் முகர்ந்து பார்க்க வேண்டும். ஏ பிளாக்கில் ஒரு வீட்டில் ஒரு மாதமாக இருந்த புகார் இந்தத் தம்ளர் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. தண்ணீர் சுத்தம், சிங்க்தான் அடைத்திருந்தது. எங்கள் வீட்டில் தம்ளரும் நாறியது.

அப்புறம் வாட்ச்மேன் மேசையில் இருக்கும் புகார் நோட்டைப் புரட்டினேன். ஜனவரியிலிருந்து 31 புகார்கள். "தண்ணீர் சரியில்லை", "தண்ணி மோசம்", "ஸ்மெல்" என்பதற்கு மேல் ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. தமிழில் நாற்றத்துக்கா பஞ்சம்? கூமுட்டை வாடை, சாக்கடை நாற்றம், பாசி வாடை, மண்வாடை, கவுச்சி, வீச்சம், மருந்து வாடை என்று எத்தனை இருக்கின்றன! ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்துக்குக் கை காட்டும். கூமுட்டை என்றால் காற்றுப்படாமல் தேங்கிய தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு. மண்வாடை என்றால் பெரும்பாலும் பாசியோ அது போன்ற நுண்ணுயிரோ விட்டுப்போன ஜியோஸ்மின் என்ற பொருள். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலே அதை மூக்கு பிடித்துவிடும். கவுச்சி அடித்தால் மூடியைத் திறந்து பல்லியோ புறாவோ விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். என்ன வாடை, எந்தக் குழாயில், எப்போது என்று மூன்றே கேள்விகள். அப்போதுதான் நம்மிடம் இருப்பது மூன்று நாற்றங்கள் என்று தெரிந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் வெந்நீரில் மட்டும் கூமுட்டை வாடை. அது கீசர் சமாச்சாரம். உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள், தண்ணீரில் உள்ள கிருமிகளும் அதுவும் சேர்ந்தால் இந்த வாடை வரும். அவர்கள் கம்பியை மாற்றிவிட்டார்கள், முடிந்தது.

பி பிளாக் முழுவதும் விடியற்காலையில் மட்டும் கூமுட்டை வாடை. இரண்டு வாளி பிடித்துக் கொட்டினால் போய்விடும். மூன்றாவதுதான் பெரியது. மழை பெய்த மறுநாள், இரண்டு பிளாக்கிலும் எல்லாக் குழாயிலும் சாக்கடை நாற்றம்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஏழு என் பரணில் இருந்தன. சோப்பு போடாமல் வெந்நீரில் அலசிக் காயவைத்தேன். தெருவிலிருந்து மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) உள்ளே வரும் வாய், தண்ணீர் லாரி ஹோஸ், போர்வெல், சம்ப், மேலே இரண்டு டேங்க், கடைசியாக என் சமையலறைக் குழாய் என்று ஏழு இடங்களில் பிடித்தேன். பாதி பாட்டில்தான் நிரப்ப வேண்டும், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். மூடி போட்டு, இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, குலுக்கி, திறந்த உடனே முகர வேண்டும். எந்த பாட்டில் எது என்று தெரிந்தால் மூக்கு பொய் சொல்லும். அதனால் எதிர்வீட்டுச் சிறுமியை விட்டு எண்களை மாற்றி ஒட்டச் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் லாரியைத்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். டிரைவரிடம் வாசல் கேட் பக்கத்தில் நின்று சத்தமே போட்டிருக்கிறேன். ஏழில் சுத்தமாக இருந்தவற்றில் ஒன்று அவருடைய பாட்டில், லேசான குளோரின் வாடை மட்டும். அடுத்த நடைக்கு வந்தபோது ஒரு சொம்பு மோர் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மழையில்லாத நாட்களில் பி பிளாக்கின் மேல் டேங்க் பாட்டிலில் வாடை இல்லை, என் குழாய் பாட்டிலில் இருந்தது. ஆகவே கோளாறு இரண்டுக்கும் நடுவில். பிளம்பரை அழைத்துக்கொண்டு மொட்டை மாடியில் பைப்பைத் தடவிக்கொண்டே போனோம். நான்கு வருஷத்துக்கு முன் கழற்றிய சோலார் ஹீட்டரின் பைப் அப்படியே இருந்தது. முனையில் மூடி போட்டுவிட்டு, 12 அடி நீளத்தை வெயிலில் விட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குள் தண்ணீர் போகும், திரும்பி வர வழி இல்லை. பகல் முழுக்கச் சூடேறி, காற்றில்லாமல் ஊறிக் கிடக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மெயின் லைனில் கலந்துவிடும். மெயின் லைனிலிருந்து அது பிரியும் டீ இணைப்பை ஒட்டி வெட்டி மூடினோம். 650 ரூபாய் ஆனது, அதைச் சங்கத்திடம் கேட்கவில்லை. வெட்டிய பைப்பைக் கவிழ்த்தபோது கறுப்பாக ஒரு குழம்பு வழிந்தது. பிளம்பர் இரண்டடி தள்ளி நின்றார். ஜூனிலிருந்து காலைக் காபி நன்றாக இருக்கிறது.

மீதி இருந்தது சாக்கடை நாற்றம். ஆகஸ்டில் ஒரு இரவு கொட்டித் தீர்த்ததே, மறுநாள் காலை மறுபடியும் ஏழு பாட்டில். மெட்ரோ வாயில் ஒன்றும் இல்லை. லாரி, போர் இரண்டும் பரவாயில்லை. சம்ப் பாட்டிலைத் திறந்தபோது எனக்குக் குமட்டியது. கடையில் கிடைக்கும் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைக் குப்பிகள் மூன்று வாங்கி மெட்ரோ, போர், சம்ப் தண்ணீரை ஊற்றி வைத்தேன். இது 1980களில் நம் நாட்டிலேயே உருவான எளிய சோதனை. மலக்கழிவிலுள்ள கிருமிகள் இருந்தால் ஓரிரு நாளில் கறுக்கும். சம்ப் குப்பி மறுநாள் மாலைக்குள் மை மாதிரி ஆகிவிட்டது. மற்ற இரண்டும் நிறம் மாறவில்லை.

சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், மேற்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு 4 இஞ்ச் பைப். ஓவர்ஃப்ளோ. அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, நம் கட்டட வரைபடத்திலும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து, ஹோஸ் வழியாக அந்தப் பைப்பின் வாய்க்குள் விட்டேன். வாட்ச்மேன் அண்ணன் கேட்டுக்கு வெளியே குனிந்து, மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். "வந்துடுச்சும்மா, மஞ்சளா வருது!" என்று கத்தினார்.

அவ்வளவுதான் விஷயம். 2006இல் கட்டும்போது அந்தப் பைப் வடிகாலுக்கு மேலே இருந்திருக்கும், சம்ப் நிறைந்தால் மிச்சம் வெளியே விழுந்திருக்கும். அதற்குப் பிறகு ரோட்டின் மேல் ரோடு போட்டார்கள். வடிகாலையும் உயர்த்திக் கட்டினார்கள். நாம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். இப்போது வடிகால் நிரம்பினால் அந்தத் தண்ணீர் அதே பைப் வழியாக நம் குடிதண்ணீருக்குள் வருகிறது. மழைநீர் வடிகால் என்பது பேருக்குத்தான். எந்தெந்த வீட்டுக் கழிவு அதில் விழுகிறது என்பது தெருவுக்கே தெரியும்.

பிளீச்சிங் போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கிறதே என்று செயலாளர் சொன்னார். பத்து நாள் மழை இல்லை, அதனால் நன்றாக இருந்தது. அழுக்கு அதிகமாக உள்ள தண்ணீரில் போடும் குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை வந்தால் பவுடர் அதிகம் என்று அர்த்தமில்லை, போதவில்லை என்றும் இருக்கலாம். வாசலில் அடிக்கும் வாடை கணக்கில்லை, கடைசி வீட்டுக் குழாயில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது. நமக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் வாக்கில் செலவாகிறது. அதற்குப் புதிய பவுடர் 30 முதல் 40 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஸ்டோர் ரூமில் மூட்டை வாய் திறந்து கிடக்கிறதே, அதில் இப்போது சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் இருக்காது.

எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் இருக்கிறதே என்று பொருளாளர் கேட்டார். பல் தேய்க்கவும் காய்கறி கழுவவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் யார் ஆர்.ஓ. தண்ணீரை எடுக்கிறார்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். மார்ச் மாதம் வந்த இரண்டு பையன்களும் எப்படி இறங்கினார்கள் என்று நீங்கள் பார்க்கவில்லை, நான் மாடியிலிருந்து பார்த்தேன். பாத்ரூம் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் ஊற்றித் தேய்த்தார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒருவன் இருமிக்கொண்டே மேலே ஏறி வந்து, திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் படியும். குறைவாக இருந்தால் கூமுட்டை வாடை அடிக்கும், அளவு ஏறிவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். உள்ளே விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதும், இருவருமே திரும்பாததும் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், முதலில் அந்த ஓவர்ஃப்ளோ பைப்பை இரண்டு முனையிலும் காங்கிரீட் போட்டு அடையுங்கள். சம்ப்பில் இறங்காமல், மூடிப் பக்கத்திலிருந்து கையை நீட்டியே உள் முனையை எட்டலாம் என்று பிளம்பர் சொல்கிறார். சம்ப் நிறைந்தால் என்ன செய்வது என்றால், மெட்ரோ லைனில், தொட்டி நிறைந்ததும் தானே மூடும் மிதவை வால்வு (பால் வால்வு) இருக்கிறது, அதைப் புதிதாக மாற்றி, மட்டம் ஏறினால் மணியடிக்கும் அலாரம் ஒன்று வையுங்கள். லாரி வரும்போது எப்படியும் வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில்தான் நிற்கிறார். சம்ப் வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டி உயர்த்துங்கள், தெருத் தண்ணீர் மூடி வழியாகவும் இறங்கக் கூடாது. மேல் டேங்க் காற்றுக் குழாய்களுக்குக் கொசுவலை கட்டுங்கள், ஏ பிளாக்கில் அது கிழிந்து தொங்குகிறது.

அதன் பிறகு கழுவுங்கள். தண்ணீரை மோட்டாரால் இறைத்து, சேற்றை மேலிருந்தே ஜெட் அடித்துக் கலக்கி உறிஞ்சி எடுக்கும் ஆட்களாகப் பாருங்கள். யாராவது இறங்கியே ஆக வேண்டும் என்றால் மூடிகளை முந்தின இரவே திறந்து, காவல் வைத்து, ஊதுகாற்று விட்டு, வாயு மானியில் பார்த்து, பெல்ட்டும் கயிறும் கட்டி, மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆசிட் கேட்டுக்குள்ளேயே வரக் கூடாது. கழுவி முடித்து ஒரு வாரம் கழித்து கிண்டி கிங் நிலையத்தின் ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி அனுப்பலாம். எந்தப் பாட்டிலில், எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஹார்லிக்ஸ் பாட்டில் அங்கே செல்லாது.

நேற்று இரவும் மழை. ஏழு பாட்டில்களையும் இன்று காலை புதிதாக நிரப்பி வாட்ச்மேன் மேசையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிர்வாகிகள் மூவரும் வந்து முகர்ந்து பார்க்கலாம். எண்களைச் சிறுமி மாற்றி ஒட்டிவிட்டாள், எது எது என்று எனக்கே தெரியாது. காபி குடித்த உடனே வராதீர்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடி