மழைக்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. சம்பா வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது. அடைமழை பிடித்துக்கொண்டால் வரப்பு வளைக்குள் இருக்கும் எலி மேட்டுக்கு ஏறும். எலியைத் தேடிப் பாம்பும் வீட்டுப் பக்கம் வரும். வருடா வருடம் நடப்பதுதான். மழை வலுப்பதற்குள் பாம்புக்கடியைப் பற்றி உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். படிக்க நேரமில்லாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியாவது முழுதும் கேளுங்கள்.

இதற்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். காலைச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்தவன் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமலே இருந்தான். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் ஓமத்தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இமை பாதி மூடியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து, முகம் கழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் படு என்றேன். அரை மணி நேரம் கழித்து எழுப்பினால், மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக என்னைப் பார்த்தான். "கண்ணைத் திறக்க முடியலை டீச்சர்" என்றான். குரல் மூக்கால் வந்தது. அந்த அரை மணி நேரத்தை வீணாக்கியது நான்தான். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

கடித்தது கட்டுவிரியன். இரவு தரையில் பாய் போட்டுத் தூங்கியபோது கடித்திருக்கிறது. உடம்பில் தேடியும் கடிவாய் கண்ணுக்குத் தெரியவில்லை. வீக்கம் இல்லை, கடித்த இடத்தில் வலியும் இல்லை. ஆறு நாள் சுவாசக் கருவியில் இருந்து பிழைத்து வந்தான்.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்றால், கண் சொருகினால், பேச்சு குழறினால், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைப் பிடித்துவிட்டால் மருந்து அதை உடனே விடுவிக்காது. ரத்தத்தில் இருக்கும்போதே முறித்தால்தான் உண்டு.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நம் பள்ளிப் பிள்ளைகளின் வயது. தமிழக அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக, அறிவித்திருக்கிறது.

கடித்துவிட்டால் என்ன செய்வது? கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கொலுசு, வளையல், அரைஞாண், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் எப்படிக் குச்சி வைத்து ஆடாமல் கட்டுவோமோ அப்படிக் கடிபட்ட கை காலை வையுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். சின்னப் பிள்ளை என்று அளவைக் குறைக்கவும் மாட்டார்கள். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஊசி போடாமல் சும்மா உட்கார வைத்திருக்கிறார்களே என்று கோபப்பட்டு வேறு இடத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்த 20 நிமிடமும் வைத்தியம்தான்.

மந்திரிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் நம்பிக்கையில் நான் குறுக்கே வரவில்லை. வேண்டிக்கொள்வதை வண்டியில் போகும்போது வேண்டிக்கொள்ளலாம். வேப்பிலை அடிப்பவர் வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தைப் பிள்ளையின் மூச்சு தாங்காது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு தெருவிலும் ராத்திரியில் வண்டி எடுக்கக் கூடியவர்கள் இரண்டு பேர். அவர்கள் பெயரும் எண்ணும் பள்ளி வாசலிலும் ரேஷன் கடையிலும் மாரியம்மன் கோயில் சுவரிலும் ஒட்டப்படும். அவர்கள் வண்டியில் பெட்ரோல் இருக்கும், செல்போனில் சார்ஜ் இருக்கும். கடிபட்டதும் 108-க்குக் கூப்பிடுங்கள். ஊர்ப் பெயரோடு மேல்நிலைத் தொட்டி, பாலம் என்று அடையாளமும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் பிள்ளையை நடுவில் வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, பைக்கிலேயே மெயின் ரோட்டை நோக்கிக் கிளம்பலாம்.

பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த விறகை அப்புறப்படுத்திவிட்டோம். சுவர் ஓரப் பொந்துகளை அடைத்தாயிற்று. அடுத்த வாரம் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து, பெரிய பிள்ளைகளுக்குக் குச்சி வைத்துக் கட்டப் பழக்குவார். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கட்டில், அல்லது கொசுவலை. பாயில் படுத்தாலும் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. இரவில் வெளியே போக டார்ச் வேண்டும்.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் எத்தனை பேர் தரையில் படுக்கிறீர்கள், எத்தனை கொசுவலை இருக்கிறது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் எது என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வலை இல்லை என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். எத்தனை வேண்டும் என்று தெரிந்தால்தான் நவம்பர் 1 கிராம சபையில் எழுந்து கேட்க முடியும். நான் அங்கே இருப்பேன், நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி