மாப்ளைக்கு, பாக்கெட் கத்தி விசயமா

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சியும் பிள்ளைகளும் சொகமா? உன் மெயிலுக்கு பதில் போடணும் போடணும்னு நெனச்சே தள்ளிப் போயிருச்சு. இங்க மழை நல்லா பேஞ்சு கண்மாய் பெருகிக் கெடக்கு, காலைல ஷட்டரத் தூக்குனா ராத்திரி வரைக்கும் யூரியா இருக்காண்ணே டிஏபி வந்துருச்சாண்ணேன்னு ஒரே கூட்டம், சோறு திங்கக் கூட நேரமில்ல. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆனா வாய் கொறையல. பெரியவ பன்னெண்டாவது, அவ படிக்கிறாளோ இல்லையோ எங்க யாருக்கும் டிவி கெடையாது.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வர்றேன். வாங்கலாமான்னு கேட்டு நீ அனுப்புன பாக்கெட் கத்தியோட போட்டோவப் பாத்தேன்டா. டைட்டானியம் புடி, கட்டைவெரல வச்சுத் தட்டுனா டப்புனு தெறக்குது, என்னமோ எஸ்35விஎன் ஸ்டீலாம், அந்த வெலைக்கு இங்க ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வாங்கிரலாம் போல. நல்ல கத்திதான், நான் கொறையே சொல்லல. ஆனா நீ அத வச்சு என்ன பண்ணப் போற, பார்சல் பிரிப்ப, ஆப்பிள் வெட்டுவ, சின்னவனோட பொம்மைல இருக்க பிளாஸ்டிக் டேக்க அறுப்ப, அவ்வளவுதான? அதுக்கு இந்தக் கத்தி வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் வெலை கூட இல்ல. ஆள் முன்னாடி அத எடுத்து நீட்ட முடியாது. டப்புனு ஒரு கத்தி தெறந்தா நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது சினிமால வர்ற பட்டன் கத்திதான். கடைக்கு வந்த ஆள் ரெண்டடி பின்னால போயிருவாரு. அப்புறம் நீயும் வெளிய எடுக்கக் கூச்சப்பட்டு வீட்டுல டிராயருக்குள்ளயே போட்டுருவ, எடுக்காத கத்திக்கு டைட்டானியம் இருந்தா என்ன தகரம் இருந்தா என்ன.

என் பாக்கெட்ல இருக்கது ஓப்பினெல்னு ஒரு பிரான்ஸ் கம்பெனியோட நம்பர் 8 மடக்குக் கத்தி. காரைக்கால் மாமா பாரிஸ்ல இருந்து லீவுக்கு வந்தப்ப குடுத்தது. பீச் மரத்துல ஒரு உருண்டையான புடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, கழுத்துல ஒரு இரும்பு வளையம், மொத்தமே அவ்வளவுதான். 50 கிராம் கூட வராது, வேட்டி மடிப்புல சொருகுனாலும் இருக்கதே தெரியாது. தெறக்குறதுக்கு ரெண்டு கையும் வேணும், இடது கை நகத்த அலகுல இருக்க பள்ளத்துல வச்சு மெதுவா இழுத்து, அப்புறம் வளையத்த ஒரு திருப்பு திருப்புனா பூட்டிக்கிரும். இவ்வளவு பொறுமையா ஒருத்தன் கத்திய எடுக்குறதப் பாத்து எவனும் பயப்பட மாட்டான். கடைக்கு வர்ற பெருசுக எல்லாம், இது என்னய்யா மாங்கா நறுக்கவான்னு கேட்டு வாங்கிப் பாத்துட்டு, புடிய ஒரு தடவு தடவிட்டுத்தான் குடுக்குறாங்க.

இதச் செஞ்சவங்க கதையும் நம்ம பக்கத்துக் கதை மாதிரியேதான் இருக்கு. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சவோய்னு ஒரு பகுதி, அங்க கோடாலி, அருவா அடிக்கிற பட்டறைக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஜோசப் ஓப்பினெல், 1890ல 18 வயசுல, தன் கூட்டாளிகளுக்கு பாக்கெட்ல வச்சுக்கிறாப்ல ஒரு சின்னக் கத்தி அடிச்சுக் குடுத்துருக்காரு. 1897ல அதையே 1லருந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு சைஸ் சைஸா வித்துருக்காங்க. அந்த வளையம் ரொம்பப் பின்னாடி, 1955ல மார்செல் ஓப்பினெல் சேத்தது. அலகுல ஒரு கையும் கிரீடமும் அடிச்சிருக்கும், அந்தக் கை பக்கத்து ஊரு செயின்ட் ஜான் சாமியோட கை, கிரீடம் சவோய் அரச குடும்பத்தோடது. திருப்பாச்சேத்தி பக்கத்துல இருந்துக்கிட்டு பிரான்ஸ் கத்தி எதுக்குன்னு நீ கேப்ப. அருவா அடிக்க திருப்பாச்சேத்திய மிஞ்ச ஆள் இல்ல, நான் ஒத்துக்கிறேன், ஆனா அத பாக்கெட்ல வச்சுட்டு பஸ்ல போக முடியுமா சொல்லு.

இதோட வெட்டுக்குக் காரணம் அலகு மெலிசு, முதுகுலயே ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது. நீ அனுப்புன மாதிரி தடித்த கத்தியெல்லாம் ஆப்பிள வெட்டாது, பொளக்கும். பாதி எறங்குன ஒடனே டக்குனு ரெண்டாத் தெறிக்கும் பாத்துருக்கியா, அது கூர் கம்மிங்கறதால இல்ல, முதுகு தடிப்பு ஆப்பு மாதிரி போயி நெம்புறதால. மெலிசு கத்திக்கு ஒரே கொறை, அத வச்சு டப்பா மூடிய நெம்புனா மொன ஒடஞ்சு போகும். கடைப் பையனுக்கு எத்தன தடவ சொன்னாலும் பெயின்ட் டப்பாவ எடுத்தா என் கத்தியத்தான் தேடுவான், அதனால இப்ப பாக்கெட்ட விட்டு எறக்குறதே இல்ல. (சாக்குத் தையலுக்கு கத்தியே வேணாம், சரியான நூலப் புடிச்சு இழுத்தா சர்ருனு மொத்தமும் பிரிஞ்சு வந்துரும், இதையும் அவனுக்கு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.)

இதுலயே ரெண்டு ஸ்டீல் வருது, ஒன்னு துருப்பிடிக்காதது, இன்னொன்னு கார்பன். என்னோடது கார்பன். கார்பன் எனக்கு ஏன் புடிக்கும்னா சீக்கிரம் தீட்டலாம், கல்லுல போட்டா வழுக்காம நல்லாப் புடிக்கும். ஆனா அதுக்கு ஒரு கொணம் இருக்கு, புளிப்பு பட்டா கறுக்கும். எலுமிச்சம்பழம் வெட்டுனா சாம்பல் கலரு, வெங்காயம் வெட்டுனா லேசா ஊதா, நெல்லிக்காய் வெட்டிட்டு தொடைக்காம அஞ்சு நிமிசம் வச்சுப் பாரு, மை ஊத்துன மாதிரி கன்னங்கரேல்னு ஆயிரும், காயும் கறுத்து நாக்குல இரும்பு வாடை அடிக்கும். வாழைப்பூவும் அப்படித்தான். என் பொண்டாட்டி மொத நாளே சொல்லிட்டா, இந்தக் கத்தி அடுப்படிக்குள்ள வரக்கூடாதுன்னு. ஆனா அந்தக் கறுப்பு படியப் படிய செவப்புத் துரு ஏறுறது கொறஞ்சிரும், இப்ப என் கத்திய பாத்தா மழை மேகம் மாதிரி திட்டுத் திட்டா இருக்கும். அப்பப்ப தொடச்சு ஒரு சொட்டு தேங்காண்ணெய் தடவுனாப் போதும்.

மழைக்காலத்துல இன்னொரு தொல்லை, மரம் ஊறி உப்பிக்கிட்டு அலகு தெறக்கவே தெறக்காது. நகம் பிஞ்சு போற அளவுக்கு இழுத்தாலும் வராது. அதுக்கு அந்த ஊர்க்காரங்களே ஒரு வித்த வச்சுருக்காங்க, புடியோட பின்பக்கத்த மேசைல டொக்குனு ஒரு தட்டு தட்டுனா அலகு கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும், அப்படியே புடிச்சு இழுத்துக்கலாம். இந்த வாரம் பூரா கல்லாப்பெட்டி மேல டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டேதான் இருக்கேன்.

இவ்வளவும் சொல்லிட்டு, ஆனா நீ நம்பர் 8 வாங்காத. நீ இருக்கது இங்கிலாந்து. அங்க சட்டப்படி ரோட்டுல காரணம் இல்லாம பாக்கெட்ல வச்சுக்கிற கத்தி மடக்குக் கத்தியா இருக்கணும், வெட்டுற வாய் மூணு இஞ்சுக்கு மேல போகக் கூடாது, தெறந்த அலகு மடங்காமப் பூட்டிக்கிற லாக்கும் இருக்கக் கூடாது. என் நம்பர் 8 நீளத்துலயும் அடிபடுது, வளையத்துலயும் அடிபடுது. நீ அனுப்புன அந்த டைட்டானியமும் லாக் இருக்கதால அதே கேசுதான். வீட்டுக்குள்ள வச்சுக்கலாம், வெளிய வேலைக்குத் தேவைன்னு காரணம் இருந்தா தூக்கிட்டுப் போகலாம், ஆனா அந்தக் காரணத்த நீதான் சொல்லி நிரூபிக்கணும். இங்க சட்டம் வேற மாதிரி, ஒன்பது இஞ்சு நீளம் ரெண்டு இஞ்சு அகலம்னு கணக்கு, அதுலயும் வீட்டு வேலைக்கும் வெவசாயத்துக்கும் உள்ளதுக்கு விலக்கு, அதனால எனக்குக் கவலை இல்ல.

லாக் இல்லாம வெரல்ல மடங்கிருமேன்னு நீ பயப்படுற, அதுல பாதிதான் உண்ம. வெட்டும்போது பொருள் அலகத் தெறக்குற பக்கமாத்தான் தள்ளுது, மடங்குற பக்கமா இல்ல. மொனைய வச்சு குத்துனா, இல்ல முதுகால அடிச்சாத்தான் மடங்கும். அட்டைப்பெட்டிய குத்தித் தெறக்குற பழக்கம் உனக்கு இருக்கு, அத மட்டும் விட்டுரு, ஓரத்துல இருந்து இழுத்து அறு.

அதனால உனக்கு ரெண்டே வழி. ஒன்னு ஓப்பினெல் நம்பர் 5, ஆறு சென்டிமீட்டர், 6க்குக் கீழ உள்ளதுல பூட்டுற வளையம் கெடையாது, உங்க ஊருக்கு சரியா வரும். இன்னொன்னு, நான் உன் எடத்துல இருந்தா வாங்குறது, விக்டோரிநாக்ஸ்ங்கிற சுவிஸ் கம்பெனியோட கத்தி, மடக்குனா 91 மில்லிமீட்டர் வர்ற சைஸ்ல சாதாரண ஸ்பார்டன் மாடல், இல்ல ஸ்க்ரூ முடுக்குற வேலை இருந்தா டிங்கர். 111 சைஸ் பக்கம் போகாத, அதுல லாக் வருது. அந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச கார்ல் எல்செனர் 1891ல சுவிஸ் சிப்பாய்களுக்குக் குடுத்தது கனமான கத்தி, டப்பா தெறக்கவும் துப்பாக்கிய கழட்டி மாட்டவும். 1897ல ஆபீசர் கத்தின்னு ஒன்னு பண்ணாரு, அதுல ஒரே ஸ்பிரிங்கு ரெண்டு பக்க அயிட்டத்தையும் தாங்குற மாதிரி வச்சாரு, அதாலதான் இத்தனையையும் அடுக்கியும் அது பாக்கெட்ல அடங்குது. ஸ்டீலு ரொம்பக் கெட்டி இல்ல, கூர் சீக்கிரம் போகும்னு சிலர் கொற சொல்லுவாங்க, எனக்கு அதுதான் வசதி, ரெண்டு நிமிசத்துல திரும்ப ஏத்திரலாம். அந்த எஸ்35விஎன் மழுங்க மாசக்கணக்கு ஆகும், ஆனா மழுங்குனா வீட்டுக் கல்லுல நீ மல்லுக்கட்டணும்.

தீட்ட கல்லு இல்லேன்னா பீங்கான் கப்பக் கவுத்து வை, அடில பளபளப்பு இல்லாம சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும், அதுல அலக லேசா சாச்சு வச்சு, மெலிசா சீவுற மாதிரி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழு. தக்காளித் தோலு அமுக்காமலே அறுந்தா போதும். மிசின்ல குடுத்து சாணை மட்டும் புடிக்காத, நெருப்புப் பொறி பறக்குற சூட்டுல அலகோட ஓரம் நீலமாயிரும், அப்புறம் அந்த எடத்துல கூரே நிக்காது. இங்க சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட அரிவாமனை மட்டும்தான் குடுக்குறேன், அவருக்கு என் மேல வருத்தம்தான்.

பொங்கலுக்கு வர்றேன்னு சொன்னியே, டிக்கெட் போட்டாச்சா? எந்தக் கத்திய வாங்குனாலும் வரும்போது பெரிய பெட்டில போட்டு செக்கின்ல அனுப்பிரு. என் தம்பி கைப்பைல வச்சுட்டுப் போயி செக்கிங்ல அவனோட செவப்பு கத்தியப் புடுங்கிக்கிட்டாங்க, இன்னும் பொலம்பிக்கிட்டு இருக்கான். முடிஞ்சா அங்க இருந்து ஒரு நல்ல தீட்டுக்கல்லு வாங்கிட்டு வா, ஒரு பக்கம் 1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு நம்பர்), மறுபக்கம் அதவிட நைசா இருக்க மாதிரி. காசு இங்க தந்துர்றேன். அம்மா உனக்கு அதிரசம் சுடுறேன்னு இப்பவே வெல்லம் வாங்கச் சொல்லிட்டாங்க.

அன்புடன்,
மாப்ள