குழந்தைப் பொருள் பட்டியல் ஏன் மாறுகிறது?

ஹூஸ்டனிலும் அக்கம்பக்கத்திலும் கடை நடத்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதச் சரக்குப் பட்டியலில் குழந்தைப் பொருள் பக்கத்தில் ஹிஸ்பானிக் குடும்பங்கள், அதாவது மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், கேட்கும் பொருள்களைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நம்ம கடையில் யார் வாங்குவார்கள்?” என்று பலர் போன் செய்தீர்கள். எல்லோருக்குமாக இங்கே பதில் எழுதிவிடுகிறோம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி டெக்சாஸில் நூற்றுக்கு 39 பேர் ஹிஸ்பானிக் மக்கள். ஹூஸ்டன் நகரத்தில் 44 பேர். நாடு முழுக்கப் பார்த்தால், பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அவர்கள் வீட்டுக் குழந்தை. உங்கள் கடையில் பாலும் ரொட்டியும் வாங்குகிறவர்கள்தான். ஆனால் குழந்தைக்கென்று வரும்போது பெரிய கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஸ்பானிஷில் ஒரு பலகை மாட்டினால் வந்துவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இளம் தாய்மார் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஆங்கிலப் பலகையே போதும். அவர்களோடு வரும் பாட்டியைக் கவனியுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலையில் கொஞ்சம் கொலோன் என்ற வாசனை நீர் தடவிச் சீவிவிட வேண்டும் அவருக்கு. அதற்குத்தான் மென்னென் பிராண்டு கொலோன். ஷாம்பு என்றால் ரிசித்தோஸ் தே ஓரோ என்ற பிராண்டு. 1863 முதல் இருக்கும் கிரிசி என்ற மெக்சிகோ நிறுவனம் சாமந்தி இனத்துக் கெமோமில் பூ சேர்த்துச் செய்வது. முடி வெளிர் நிறமாகவே இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். இருக்குமா என்பது வேறு கதை. நம் வீட்டில் வசம்பு இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியாது என்று சொல்லும் பாட்டிகளைப் பார்த்தவர்கள்தானே நாம்!

இந்தச் சரக்கு ஆங்கிலமும் ஸ்பானிஷும் அச்சடித்த லேபிளோடு, முறைப்படி இறக்குமதி செய்பவர்களிடமிருந்து வருகிறது. அதனால் விலை சற்றுக் கூடத்தான் செய்யும். மெக்சிகோ எல்லையில் இருக்கும் லாரேடோ பக்கமிருந்து வண்டியில் கொண்டுவந்து மலிவாகக் கொடுப்பவர்களும் உண்டு. ஸ்பானிஷ் லேபிள் மட்டும் இருந்தால் இங்கே விற்கச் சட்டம் இடம் தராது. ஆய்வாளர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கேட்டாலும் நாங்கள் தராத பொருள்கள் இரண்டு. ஒன்று, உள்ளே தேன் அடைத்த பேசிஃபையர், அதாவது குழந்தை வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு. மெக்சிகோவில் வாங்கிய அந்தப் பேசிஃபையரைப் பயன்படுத்திய நான்கு டெக்சாஸ் குழந்தைகள் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக 2018 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. இன்னொன்று, வயிற்று மந்தத்துக்குக் கொடுக்கும் அசார்கோன், கிரேத்தா என்ற பொடிகள். ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஈயம். யாராவது உங்கள் கல்லாவுக்கு அருகே வைக்கச் சொல்லிக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.

டயப்பர் விஷயம் தனி. தாய்-சேய்க்கான அரசின் விக் உணவு உதவியிலும் சரி, ஏழைக் குடும்பங்களுக்கான ஸ்னாப் உணவு அட்டையிலும் சரி, டயப்பர் வாங்க முடியாது. கைக்காசுதான். சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்னால் 120 டயப்பர் பெட்டியை யார் தூக்குவார்கள்? சின்னப் பாக்கெட்டுகளைக் கண்ணில் படும்படி வையுங்கள். அப்புறம், உங்கள் பில் மெஷினை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2023 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் டயப்பர், குழந்தையைத் துடைக்கும் வைப்ஸ், பால் புட்டி ஆகியவற்றுக்கு விற்பனை வரி கிடையாது. இன்னும் வரி போட்டுக்கொண்டிருந்தால் வாடிக்கையாளரிடம் நாமே அதிகம் வாங்குகிறோம் என்று ஆகிவிடும்.

உங்கள் பேட்டையில் இருப்பவர்கள் மெக்சிகோக்காரர்களா, எல் சால்வடோர், ஹொண்டுராஸ்காரர்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். கேட்கும் பிராண்டு மாறும். முதல் ஆர்டரில் கொலோன், ஷாம்பு இரண்டையும் அரைக் கேஸாக எடுக்கலாம். விற்காமல் நின்றால், சீல் உடைக்காத பாட்டில்களை அடுத்த வண்டியில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மெக்சிகோக்காரர்களுக்கு ஏப்ரல் 30 குழந்தைகள் தினம். அதற்குச் சரக்கு வேண்டுமென்றால் மார்ச் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மொத்த வியாபாரக் கடையினர்,
ஹூஸ்டன்