பட்டியலில் விட்டுப்போன எண்

திருவல்லிக்கேணி,
சென்னை 5.

கண்ணம்மா,

293318625600 உண்மையிலேயே இராமானுஜன் பட்டியலில் இருக்கவேண்டிய எண்தானா என்று கேட்டிருந்தாய். இருக்கவேண்டியதுதான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்டவற்றை உயர் பகு எண்கள் என்போம். நம்மூர்த் துறைமுகத்தில் கணக்கெழுதிவிட்டு கேம்பிரிட்ஜ் போனவர், 1915இல் வந்த கட்டுரையில் 6746328388800 வரை 102 எண்களை அடுக்கினார். நடுவில் இந்த ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று.

இதற்கு எத்தனை காரணிகள் என்று எண்ண, முதலில் பகா எண்களாகப் பிரிப்போம். கால்குலேட்டரை எடுக்காதே, பேனாவே போதும். கடைசி ஏழு இலக்கம் 8625600. அது 64ஆல் வகுபடும், 128ஆல் வகுபடாது. ஆக 2இன் அடுக்கு 6. கடைசி மூன்று இலக்கமான 600, 25ஆல் வகுபடும், 125ஆல் வகுபடாது. 5இன் அடுக்கு 2.

3இல்தான் பலர் சறுக்குவார்கள். இலக்கக் கூட்டல் 45, அதனால் 9ஆல் வகுபடும். அதற்கு மேல் கூட்டலை நம்பாதே: 1899இன் கூட்டல் 27, ஆனால் அது 27ஆல் வகுபடாது. 9ஆல் வகுத்துவிட்டு மறுபடி கூட்டு. 32590958400, கூட்டல் மீண்டும் 45. இன்னொரு முறை வகுத்தால் 3621217600, கூட்டல் 28. முடிந்தது, அடுக்கு 4.

இதை 1600ஆல், அதாவது 64 × 25ஆல், வகுத்தால் 2263261. வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரி: 261 − 263 + 2 = 0. பூஜ்யம் வந்தால் 1001, அதாவது 7 × 11 × 13, உள்ளே இருக்கிறது. நம் லட்சம், கோடிக் காற்புள்ளியை வைத்து 22,63,261 என்று பிரித்துவிட்டால் இந்தச் சோதனை பலிக்காது. 1001ஐ நீக்கினால் 2261, அது 7 × 323. 323 என்பது 18இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு, ஆகவே 17 × 19. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2, 3, 5, 7இன் அடுக்குகள் 6, 4, 2, 2. 11, 13, 17, 19க்குத் தலா 1. ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிப் பெருக்கு: 7 × 5 × 3 × 3 × 16 = 5040 காரணிகள். 5040ம் ஓர் உயர் பகு எண்தான், பார்த்தாயா!

உயர் பகு எண் ஆக, அடுக்குகள் இறங்குவரிசையில் இருப்பது மட்டும் போதாது. 210 = 2 × 3 × 5 × 7, காரணிகள் 16. அந்த 7ஐ எடுத்துவிட்டு 4ஐப் போட்டால் 120, அதற்கும் 16. அதனால் 210 தேறாது. எனவே சிறிய எண்களையும் தேடித்தான் ஆகவேண்டும். ஆனால் இறங்குவரிசை அடுக்குகளை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் உன் புரோகிராம் நொடியில் முடித்துவிடும். மாறியை 32 பிட்டில் வைத்துவிடாதே, இவ்வளவு பெரிய எண் அதில் அடங்காது. பிழைச்செய்தி எதுவும் வராமலே எண் 1260849472 ஆகிவிடும், அது 3ஆல்கூட வகுபடாது. 64 பிட் வை.

தேடல் சரிதானா என்று பார்க்க அடுத்த உயர் பகு எண்ணையும் கேள். நம் எண்ணிலிருந்து ஒரு 3, ஒரு 7 வெளியே போய் 23 உள்ளே வரும். 321253732800, காரணிகள் 5376 என்று காட்டவேண்டும்.

அன்புடன்,
அப்பா